மூட்டைக்கு ஒரு கூண்டு

ஜூன் 4

அண்ணாவுக்கு,

கூண்டு விஷயமாக எழுதுகிறேன். உன்னால் முடியுமா முடியாதா என்று மட்டும் சொல். முடியாது என்றால் வேறு வழி பார்த்துக்கொள்கிறேன், அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பொடிசு தினமும் "மாமாகிட்ட கேட்டியா, மாமாகிட்ட கேட்டியா"னு என் உயிரை எடுக்கிறாள். விவரமெல்லாம் அவளே ஒரு சீட்டில் எழுதி, படமும் போட்டு இதோடு வைத்திருக்கிறாள். அதையே நானும் ஒரு தடவை எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கை அசந்துபோயிருக்கிறது.

ஃபோன் செய்யாதே. ஃபோனில் நமக்குச் 'சாப்பிட்டியா'வைத் தாண்டுவதற்குள் சண்டை வந்துவிடுகிறது. தபால் என்றால் போய்ச் சேருவதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

தங்கை

*

ஜூன் 11

தங்கைக்கு,

கடிதம் வந்தது. சீட்டும் இல்லை, படமும் இல்லை. உறையைக் கிழித்து உதறியும் பார்த்துவிட்டேன். ஆனால் சீட்டு தேவையே இல்லை. கூண்டு என்ற வார்த்தையைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. உன் வழக்கை நடத்துகிற வக்கீல் அம்மா சொல்லிக்கொடுத்து நீ எழுதியிருக்கிறாய்.

முடியாது. கோபத்தில் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொல்கிறேன். சாட்சிக் கூண்டில் ஏறி நான் என்னத்தைச் சொல்வேன்? மாப்பிள்ளை உன்னை அடித்து நான் பார்த்தேனா? குடித்துவிட்டு விழுந்து கிடந்ததைப் பார்த்தேனா? அந்தப் பழக்கமே இல்லாத மனுஷர். பிள்ளை அப்பாவிடம் இருக்கக் கூடாது என்று நீ வழக்குப் போட்டிருக்கிறாய். ஏன் கூடாது என்று நீதிபதி என்னைக் கேட்டால் நான் எதைக் காட்டுவது? ஒரு காரணமும் சொல்லாமல்தானே நீ ஒரு பெட்டியோடும் பிள்ளையோடும் கிளம்பினாய். என் வீட்டுக்குக்கூட வரவில்லை. எங்கேயோ போய் இறங்கி, அங்கிருந்து விலாசம் அனுப்பினாய். கூடப் பிறந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நீ நினைத்துப் பார்த்திருக்க மாட்டாய்.

நான் அவர் பட்டறையில் வேலை பார்க்கிறவன். தினமும் அவர் முகத்தில்தான் விழிக்கிறேன். "தங்கச்சி ஏதாவது எழுதினாளா மச்சான்?"னு கேட்கிறார். இல்லை மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டு, குனிந்து, கட்டடங்களுக்குப் போடுகிற காற்றுக்குழாய்த் தகரத்தை மடக்கிக்கொண்டிருக்கிறேன். ஆள் இளைத்துப் போயிருக்கிறார். இந்த வயதில் இந்தப் பட்டறையை விட்டால் என்னை யார் சேர்ப்பார்கள்?

எல்லாவற்றையும் விட, பிள்ளையைத் தூது விட்டிருக்கிறாயே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மாமா கூண்டில் ஏறுவாரா என்று ஒரு குழந்தை தினமும் கேட்குமா? படம் வேறு போட்டாளாம். என்ன படம், நான் கூண்டுக்குள் கைகட்டி நிற்கிற மாதிரியா?

அண்ணன்

*

ஜூன் 17

அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை நான் வேலை பார்க்கிற சலவைக்கூடத்தில் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். படித்து முடித்துவிட்டுச் சிரித்தேன். என்னோடு சேர்ந்து விரிப்பு மடிக்கிற நெட்டை, "என்னடி, நல்ல சேதியா?"னு கேட்டாள். "எங்கண்ணன் எலிக்குச் சாட்சி சொல்ல மாட்டாராம்"னு சொன்னேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சிரித்தேன். சிரித்து ரொம்ப நாளாகிறது, அதற்காக உனக்கு நன்றி.

அந்தச் சீட்டு பொடிசின் பென்சில் டப்பாவில் இருந்தது. உறையை அவள்தான் ஒட்டினாள், உள்ளே வைக்க மறந்துவிட்டாள். நாங்கள் கேட்டது வெள்ளெலிக்குக் கூண்டு. ஹாம்ஸ்டர் என்பார்களே, வால் இருக்கிற இடமே தெரியாமல் உருண்டையாக இருக்குமே, அது. அவள் வகுப்பு டீச்சர் வளர்த்தது. டீச்சர் வேறு பள்ளிக்கூடம் மாறிப் போகும்போது யாருக்கு வேண்டும் என்று கேட்டாளாம். கேள்வி முடிவதற்குள் உன் மருமகள் கையைத் தூக்கிவிட்டாள். இரண்டு கன்னத்திலும் தீனியைத் திணித்துக்கொண்டு சுமை தூக்குகிறவன் மாதிரி போவதால் மூட்டை என்று பெயர் வைத்திருக்கிறாள்.

மூட்டை இப்போது ஒரு பக்கெட்டில் இருக்கிறது. மேலே ஒரு தட்டை வைத்துக் கொஞ்சம் நகர்த்தி விட்டிருக்கிறோம், மூச்சு விட. அது பக்கெட்டில் இருப்பது பொடிசுக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பக்கம் போகிற போதெல்லாம் கண் கலங்குகிறது. போன வாரம் அது எப்படியோ ஏறிக் குதித்துக் கீழ்வீட்டுக்குப் போய், வீட்டுக்கார அம்மாவின் திரைச்சீலையை ஒரு ஓரம் தின்றுவிட்டது. அந்த அம்மா படியேறி வந்து, "எலி வந்தா எல்லாரும் பொறி வைப்பாங்க, நீ என்னடான்னா வளர்த்துக்கிட்டு இருக்கே. ஒழுங்கா ஒரு கூண்டுல போடு, இல்லேன்னா எங்கேயாவது கொண்டுபோய் விடு"னு சொல்லிவிட்டுப் போனாள். கடையில் விற்கிற கூண்டுகளைப் பார்த்தோம். எல்லாம் செருப்பு டப்பா அளவுக்குத்தான் இருக்கிறது. மாமா செய்தால்தான் சரியாக இருக்கும் என்று இவள் தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

இனி அந்த இன்னொரு கூண்டு. அதற்கு உன்னைக் கூப்பிடச் சொல்லி வக்கீல் அம்மா பல தடவை சொல்லிவிட்டார். நான் கூப்பிடவில்லை. கூப்பிடவும் மாட்டேன். உன் வீட்டு அடுப்பு எந்தப் பட்டறையால் எரிகிறது என்று எனக்குத் தெரியும். ஏன் போனாய் என்று நான் சொல்லவே இல்லை என்கிறாய். நீ கேட்டாயா என்று யோசித்துப் பார். "ஏன் போனே"னு ஃபோனில் கத்தினாய். அது கேள்வி இல்லை அண்ணா.

மணி அடித்துவிட்டது. ஈர விரிப்பு மலையாகக் கிடக்கிறது.

தங்கை

*

ஜூன் 25

தங்கைக்கு,

உன் கடிதத்தை அண்ணி வாங்கிப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். நேற்றிலிருந்து என்னை 'எலிச்சாட்சி' என்று கூப்பிடுகிறாள். சரி விடு.

நானே செய்து அனுப்பலாம் என்றால் தபாலில் நசுங்கி வரும். பட்டறையில் வைத்துச் செய்தால் யாருக்கு என்று மாப்பிள்ளை கேட்பார். அதனால் நீயே செய். சொல்கிறபடி செய்தால் வந்துவிடும், உனக்கு நல்ல கை.

துணி போட்டு வைக்கிற பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்கு, உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி தெளிவாக. நாலு சாண் நீளம் வேண்டும். என் சாண். உன் கையால் அளந்தால் மூட்டைக்கு ஒற்றை அறைதான் கிடைக்கும். மூடியின் நடுவில் பெரிய ஜன்னலாக வெட்டி எடுத்துவிடு. கத்தியைச் சூடு காட்டி வெட்டினால் விரிசல் விடாது. வெட்டிய இடத்தில் கம்பிவலை வரும். உன் சுண்டுவிரல் நுழைகிற வலை என்றால் வாங்காதே. தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும், இந்த எலிகளுக்கு எலும்பு இருப்பதே சந்தேகம். வலையை மூடிக்கு உள்பக்கமாக வைத்து நட்டு போல்ட்டு போட்டு முடுக்கு. பசை வேண்டாம், கடித்துத் தின்னும்.

இது முக்கியம். வலையை வெட்டிய விளிம்பை அப்படியே விடக் கூடாது, மடித்து அழுத்தி விட வேண்டும். பட்டறையில் புதிதாக வருகிறவர்களிடம் நான் கத்துவதெல்லாம் இதற்காகத்தான். அவசரத்தில் விட்ட விளிம்புதான் பிறகு யார் கையையாவது கிழிக்கும்.

அடியில் மரச்சீவல் உன் மணிக்கட்டு புதைகிற ஆழத்துக்குப் போடு. தோண்டாவிட்டால் அதற்குப் பைத்தியம் பிடித்துவிடுமாம், அண்ணி எங்கேயோ படித்தாள். அது ஏறி ஓடுவதற்கு வைக்கிற சக்கரம் கம்பிச் சக்கரமாக வேண்டாம், கால் மாட்டும்.

முன்பக்கம் கை நுழைகிற அளவுக்கு ஒரு கதவு வை. இரண்டு சின்னக் கீல், வெளியே ஒரு தாழ்ப்பாள். தாழ்ப்பாள் இந்த உறைக்குள்ளேயே இருக்கிறது. பித்தளைக் குமிழ் வைத்தது, கெட்டியான சாமான். பட்டறையில் ஒரு டப்பா நிறையக் கிடக்கிறது, ஒன்று குறைந்தால் யாருக்கும் தெரியாது. பொடிசிடம் மாமா அனுப்பியது என்று கொடு.

அண்ணன்

*

ஜூலை 6

அண்ணாவுக்கு,

பெட்டி வாங்கினேன். வலையை நெட்டை அவள் வீட்டுக் கோழிக்கூட்டில் மிஞ்சியது என்று கொண்டுவந்தாள். அவள் கோழி நுழையாமல் இருக்கலாம், சுண்டுவிரல் இரண்டு நுழைந்தது. அதைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினேன். கத்தியைச் சூடு காட்டி வெட்டியதில் வீடெல்லாம் நாற்றம். வீட்டுக்கார அம்மா கீழேயிருந்து, "என்ன எரியுது?"னு கேட்டாள். "வீடு கட்டறோம்"னு பொடிசு பதில் சொன்னாள். விளிம்பை மடித்தேன், ஆனால் மடிப்பதற்குள் இரண்டு விரல் கிழிந்துவிட்டது. கையில் கட்டோடு சூட்டு உருளைக்குள் விரிப்பை விட்டுத் தேய்க்க முடியாது என்று மேற்பார்வைக்காரி என்னைத் தலையணை உறை எண்ணுகிற வேலைக்கு மாற்றினாள். அது உட்கார்ந்து செய்கிற வேலை. மூட்டையால் அந்த ஒரு நன்மை.

எல்லாம் முடிந்துவிட்டது, கதவைத் தவிர. கதவுக்குத் துளை போட்டுவிட்டு உன் உறையிலிருந்த தாழ்ப்பாளை எடுத்து மேஜையில் வைத்தேன். பொடிசு அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்து போய் அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். நானும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் டீ போட எழுந்து போனேன். நீ வேண்டுமென்று அனுப்பியிருக்க மாட்டாய், அது எனக்குத் தெரியும். திரும்பி வந்து பார்த்தால் தாழ்ப்பாளைக் காணோம். ஜன்னல் வழியாக எறிந்துவிட்டாள். கீழே போய்த் தேட எனக்கும் மனசில்லை.

வேறு தாழ்ப்பாள் வாங்கலாம் என்றால் அதுவும் கூடாதாம். அப்படியானால் மூட்டை பக்கெட்டிலேயே இருக்கட்டுமா என்றால் அதற்கும் அழுகை. மாமாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று ஒரு சீட்டு எழுதி, மடித்து, ஒட்டியும் கொடுத்தாள். இந்தத் தடவை உறைக்குள் வைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். என்ன எழுதியிருக்கிறாள் என்று பிரித்துப் பார்க்கவில்லை.

தாழ்ப்பாள் இல்லாமல் கதவு வைக்க வழி இருந்தால் எழுது. வீட்டுக்கார அம்மா வேறு படியேறி எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

தங்கை

*

ஜூலை 14

தங்கைக்கு,

சீட்டு வந்தது. நீ படிக்கவில்லை என்றாய், அதனால் அப்படியே எழுதுகிறேன்.

"மாமா, தாழ்ப்பாள் வெளியே வெக்காதே. மூட்டை உள்ளேயிருந்து தெறக்கற மாதிரி வெச்சுக் குடு. வெளியே இருந்தா அதுக்கு ஒண்ணுக்கு வந்தா என்ன பண்ணும். அதுக்குக் கதவு தட்டத் தெரியாது. தட்டினாலும் சாயங்காலம் வரைக்கும் யாரும் வர மாட்டாங்க."

இதைப் படித்தபின் நான் பட்டறையில் அந்தத் தாழ்ப்பாள் டப்பாவைத் திறந்து ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இதை வேறு எங்கே பார்த்தோம் என்று யோசித்தேன். போன வருஷம் உன் வீட்டுக்கு வந்தபோது, உங்கள் படுக்கையறைக் கதவில், வெளிப்பக்கம். இதென்ன இங்கே என்று மாப்பிள்ளையிடம் கேட்டது நினைவிருக்கிறது. "காத்துக்குக் கதவு அடிச்சுக்குது மச்சான், அதான்"னு சொன்னார். திருகாணி கோணலாக இருக்கிறதே என்று மட்டும் எனக்குத் தோன்றியது.

நான் காற்றுக்குக் குழாய் போடுகிறவன். ஒரு அறைக்குள் காற்று வர வேண்டுமென்றால் அது வெளியே போக ஒரு வழி இருக்க வேண்டும். அந்த அறையில் ஒற்றை ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. அங்கே கதவு அடித்துக்கொள்ள வேண்டுமென்றால் யாராவது நின்று விசிற வேண்டும்.

கத்தவில்லை. கேட்கிறேன். அந்தத் தாழ்ப்பாள் எதற்கு?

பொடிசின் கதவுக்கு வழி இருக்கிறது. இன்னொரு பெட்டி வாங்கி முதல் பெட்டிக்குப் பக்கத்தில் வை. இரண்டிலும் வட்டமாகத் துளை போட்டு நடுவில் ஒரு குட்டைக் குழாய் கொடு. குழாயின் வாயில் ஒரு சின்னத் தகடு, மேலே ஒரு கம்பியில் தொங்குகிற மாதிரி. கீலும் வேண்டாம், தாழ்ப்பாளும் வேண்டாம். தலையால் முட்டினால் எந்தப் பக்கமிருந்தும் திறக்கும். ஒரு அறை பிடிக்காவிட்டால் அதுவே கதவைத் தள்ளிக்கொண்டு அடுத்த அறைக்குப் போகலாம். குழாயும் தகடும் வெட்டி, விளிம்பு மடித்து, இந்தப் பொட்டலத்தில் வைத்திருக்கிறேன். முன்கதவுக்கு வெட்டிய இடத்தை வலை போட்டு மூடிவிடு.

அண்ணன்

*

ஜூலை 22

அண்ணாவுக்கு,

கேட்டுவிட்டாய். சொல்கிறேன்.

உன் மாப்பிள்ளை அடிக்க மாட்டார். குரலைக்கூட உயர்த்த மாட்டார். அதனால்தான் யாரிடமும் காட்ட உடம்பில் ஒன்றும் இல்லை. அவருக்குப் பிடிக்காததை நான் சொல்லிவிட்டால், மறுநாள் பட்டறைக்குக் கிளம்பும்போது அறைக்கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போடுவார். "உள்ளேயே இருந்து யோசிச்சுப் பாரு, சாயங்காலம் பேசலாம்"னு ரொம்ப அமைதியாகச் சொல்லிவிட்டுப் போவார். பள்ளிக்கூடம் இல்லாத நாள் என்றால் பொடிசும் என்னோடு உள்ளே. ஒரு பாட்டில் தண்ணீர். மூலையில் ஒரு பக்கெட், அதன் மேல் மூடுவதற்கு ஒரு தட்டு.

அவளுக்குக் கதை சொல்வேன். கொஞ்ச நேரம் கேட்பாள். அப்புறம் பக்கெட்டில் உட்கார வெட்கப்பட்டு அடக்கி வைத்துக்கொண்டு அழுவாள். அந்தப் பக்கமாக யாராவது நடக்கிற சத்தம் கேட்டால் போய்த் தட்டுவாள். நீ வருகிறாய் என்று தெரிந்த நாட்களில் கதவு திறந்தே இருக்கும். கடைசியில் ஒரு நாள், நான் கடைக்குப் போய் வருவதற்குள், ஏதோ கோப்பையை உடைத்தாள் என்று அவளைத் தனியாக உள்ளே போட்டுத் தாழிட்டுவிட்டுப் போயிருந்தார். நான் வந்து திறந்தபோது அவள் அழுதுகொண்டிருக்கவில்லை. கதவைத் தட்டவும் இல்லை. அன்றைக்குத்தான் பெட்டியை எடுத்தேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் நேராக அவரிடம் போய்க் கேட்பாய். அவர் காற்று என்று சொல்வார். நீ நம்புவாய். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை, அதனால் உன் வீட்டுக்கு வராமல் வேறு பக்கம் போனேன். உன் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது அதைத் தூக்கிக்கொண்டு திரியக்கூட அசதியாக இருக்கிறது.

வழக்கு ஆகஸ்ட் 12ஆம் தேதி. "அம்மா நீங்க சொல்றது மட்டும் போதாது, பார்த்தவங்க யாராவது சொல்லணும்"னு வக்கீல் அம்மா சொல்கிறார். பார்த்தவர்கள் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டேன். நீ வர வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. உனக்கு வேலை முக்கியம், பிள்ளைகள் படிக்கிறார்கள். கேட்டாய், சொன்னேன்.

கூண்டு முடிந்துவிட்டது. நீ அனுப்பிய குழாய் கச்சிதமாக உட்கார்ந்தது. மூட்டை முதல் நாள் முழுவதும் தகட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது. மறுநாள் மூக்கால் தொட்டது. அப்புறம் ஒரு முட்டு முட்டிவிட்டு அந்தப் பக்கம் போனது, உடனே திரும்பி வந்தது, மறுபடியும் போனது. பொடிசு தரையில் குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நேற்று வீட்டுக்கார அம்மா வந்து, "உன் எலி என்ன இப்படிப் போயிட்டுப் போயிட்டு வருது?"னு கேட்டாள். "அதுக்கு இஷ்டம், அதான்"னு பொடிசு சொன்னாள். பக்கெட்டைக் கீழ்வீட்டுக்கே கொடுத்துவிட்டோம்.

தங்கை

*

ஜூலை 30

தங்கைக்கு,

பார்த்தவர்கள் யாரும் இல்லை என்று வக்கீல் அம்மாவிடம் சொன்னாயே, அது தப்பு. அந்தத் தாழ்ப்பாளை நான் பார்த்தேன். எந்தக் கதவில், எந்தப் பக்கம், திருகாணி எப்படிக் கோணலாக இருந்தது, கேட்டதற்கு என்ன பதில் வந்தது, எல்லாம் சொல்ல முடியும். அந்த அறையில் காற்றுக்குக் கதவு அடிக்காது என்பதை என்னைவிட யாரும் சரியாகச் சொல்ல முடியாது. அந்த அம்மாவுக்குத் தனியாக எழுதிப் போட்டுவிட்டேன். கூண்டில் ஏறுகிறேன்.

நேற்றுக் காலையில் வழக்கம்போல, "தங்கச்சி எழுதினாளா மச்சான்?"னு கேட்டான். எழுதினாள் என்றேன். "என்ன எழுதினா?"னு கேட்டான். "அந்த ரூம்ல காத்தே வராதுன்னு எழுதினா"னு சொன்னேன். அவன் என் கையில் இருந்த தகரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் தகரம் வெட்டுகிற கத்தரியைத் துடைத்து என் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அது என் சொந்தக் கத்தரி.

இதற்கு மேலே அவன் என்று எழுதியிருக்கிறேன். அடித்துவிட்டு அவர் என்று திருத்தலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

அண்ணியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பாத்திரங்களையெல்லாம் சத்தமாக வைத்தாள். அப்புறம், "ஊர்ல வேற பட்டறையே இல்லையா?"னு கேட்டாள். இருக்கிறது என்றேன். "அப்ப போய்க் கேளு, அதுக்கு முன்னாடி அங்கே போயிட்டு வா"னு சொல்லிவிட்டு, என் வெள்ளைச் சட்டையைத் தேடப் போனாள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அது உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன், நீ ஆறுதல் சொல்ல வேண்டியதில்லை.

பதினொன்றாம் தேதி சாயங்காலம் அங்கே இருப்பேன். கத்தரியும் கொண்டு வருகிறேன். மூடியில் வலை விளிம்பை நீ சரியாக மடித்திருக்க மாட்டாய், அதை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

பொடிசிடம் சொல்லி வை. நான் வந்து கதவைத் தட்டுவேன். நீ எழுந்து வராதே. அவளே உள்ளேயிருந்து திறக்கட்டும், எவ்வளவு நேரமானாலும் வெளியே நிற்கிறேன்.

அண்ணன்